இடி விழுந்தது தென்னையில், எரிந்தது டி.வி.!

ஏப்ரல் கடைசியில் வானம் கறுத்து முதல் கோடை இடி இடித்துவிட்டால், மறுநாள் காலை என் சர்வீஸ் கடை வாசலில் ஆள் நிற்பார்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். போர்ட் பிளேயர் என்ற பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. இடி மட்டும் மாறவில்லை. டி.வி., செட்-டாப் பாக்ஸ், இன்டர்நெட் மோடம், ஃபிரிட்ஜ் போர்டு என்று ஒரு வாரத்துக்குள் மேசை நிறைந்துவிடும். கொண்டு வருபவர் இராமநாதபுரத்து அண்ணாச்சியாக இருந்தாலும் சரி, ராஞ்சிக்காரராக இருந்தாலும் சரி, கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஸ்டெபிலைசர் போட்டிருந்தேனே, அப்புறம் எப்படிப் போச்சு?"

இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். பதில் கொஞ்சம் நீளம். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

"கரண்டு கூடுதலாக வந்துவிட்டது" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள். கடலோரத்தில் வாழும் நமக்கு இதை விளக்குவது எளிது. அலை வேறு, ஓதம் வேறு. அலை சட்டென்று வந்து அறைந்துவிட்டுப் போய்விடும். ஓதம் மெல்ல ஏறி மணிக்கணக்கில் நிற்கும். மின்சாரத்திலும் அப்படியே. மின்னலாலும் பெரிய மோட்டார்கள் நிற்பதாலும் வருவது அலை: ஒரு வினாடியை பத்து லட்சம் கூறாக்கினால் அதில் சில பத்துக் கூறு நேரம்தான் இருக்கும், ஆனால் ஆயிரக்கணக்கான வோல்ட் உயரும். நியூட்ரல் கம்பி அறுந்தாலோ ஜெனரேட்டர் சரியாக ஓடாவிட்டாலோ வருவது ஓதம்: 230 இருக்க வேண்டிய இடத்தில் 280, 300, சில சமயம் 350 வோல்ட்கூட, நிமிடக்கணக்கில் நிற்கும்.

ஸ்டெபிலைசர் ஓதத்துக்குச் செய்யப்பட்ட கருவி. உள்ளே இருக்கும் ரிலே டக்கென்று தட்டி மாறுவதற்கே ஒரு வினாடியில் நூறில் சில பங்கு நேரம் பிடிக்கும். அதற்குள் மின்னல் அலை வந்து, டி.வி.யைக் கொன்று, போயே போய்விட்டிருக்கும். எம்.சி.பி. ஏன் விழவில்லை, பியூஸ் ஏன் போகவில்லை என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். அவை அதிகக் கரண்ட் சற்று நேரமாவது ஓடினால் அறுபடுவதற்கு வைத்தவை. அலைக்கு அவை கண் திறப்பதற்குள் காரியம் முடிந்துவிடும்.

நம் தீவுகளில் இரண்டுமே அதிகம் என்பதற்குக் காரணம் உண்டு. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்னக மின்தொகுப்பு மற்றத் தொகுப்புகளோடு இணைந்தது. அன்றுமுதல் கன்னியாகுமரியில் எரியும் விளக்கும் காஷ்மீரில் எரியும் விளக்கும் ஒரே தொகுப்பில் எரிகின்றன. அந்தக் கணக்கில் நாம் இல்லை. நமக்கும் சென்னைக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல். 2020 ஆகஸ்ட் 10 அன்று திறந்துவைக்கப்பட்ட கடலடிக் கேபிள் சென்னையிலிருந்து பேச்சையும் படத்தையும் கொண்டுவருகிறது. வீட்டு விளக்குக்கு மின்சாரம் கொண்டுவருவதில்லை. கப்பலில் வரும் டீசலை எரித்துத்தான் பெரும்பாலும் நம் விளக்கு எரிகிறது. திக்லிபூர் பக்கம் கல்போங் ஆற்றில் 2001-இல் ஓடத் தொடங்கிய 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் உண்டு. காராச்சாராமாவில் 5 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2013 முதல் இருக்கிறது. பிறகு நம் நெய்வேலிக்காரர்கள், அதாவது என்.எல்.சி. நிறுவனத்தார், தென் அந்தமானில் 20 மெகாவாட் சூரிய நிலையத்தை பாட்டரிகளோடு அமைத்தார்கள். நெய்வேலி என்றாலே நிலக்கரி என்று படித்து வளர்ந்த நமக்கு, அந்தப் பெயரை இங்கே வெயிலில் பார்ப்பது ஒரு தனி மகிழ்ச்சி. பாட்டரி எதற்கு என்றால், மேகம் ஒன்று குறுக்கே போனால் உற்பத்தி பாதியாக விழும். மேகம் விலகினால் மீண்டும் எகிறும். அந்தப் பள்ளம் மேட்டை நிரவுவதற்கு.

சிறிய தொகுப்பின் இயல்பு எப்படிப்பட்டது என்பதை ஒரு பொங்கல் விழாவில் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். மண்டபத்துக்கு வாடகை ஜெனரேட்டர் வைத்திருந்தார்கள். சமையல்கட்டில் கிரைண்டர்கள், கொதிகலன், மேடையில் பெரிய விளக்குகள். சாப்பாடு முடிந்ததும் சமையல்கட்டுச் சுமை முழுவதையும் யாரோ ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். ஜெனரேட்டர் ஒரு முறை உறுமியது. விளக்குகள் பளீரென்று வெளுத்தன. ஆம்பிளிஃபயர் "டொப்" என்றது. பட்டிமன்றம் அதன்பிறகு ஒலிபெருக்கி இல்லாமல் நடந்தது. தொண்டை உள்ளவர்கள் ஜெயித்தார்கள்.

பாரவண்டியை மேட்டில் இழுக்கும் மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பாரம் சட்டென்று சரிந்தால் மாடு நாலடி முன்னே பாயும். வண்டிக்காரர் கயிற்றை இழுத்து நிறுத்துவதற்குள் பாய்ந்தது பாய்ந்ததுதான். ஒரு தீவின் மின்தொகுப்பும் அப்படித்தான். புயற்காற்றில் ஒரு பெரிய ஃபீடர் திடீரென்று விழுந்தால் மீதி இருக்கும் வீடுகளில் வோல்டேஜ் ஒரு கணம் துள்ளும். தமிழ்நாட்டில் ஓர் ஊரே இருண்டாலும் அது பெரிய தொகுப்பில் கடலில் கரைத்த பெருங்காயம். இது யாருடைய குறையும் அல்ல, சிறியதன் குணம்.

இனி என் மேசைக்கு வருகிறேன். இறந்த போர்டைத் திறந்தால், எப்படி இறந்தது என்பதை அதுவே சொல்லும். டி.வி., சார்ஜர், எல்.இ.டி. பல்பு ஆகிய எல்லாவற்றிலும் மின்சாரம் நுழைந்தவுடன் நேர்மின்சாரமாகி ஒரு உருண்டைக் கெப்பாசிட்டரில் சேரும். அதன் உடம்பில் 400 வோல்ட் என்று அச்சிட்டிருப்பார்கள். 230 வோல்ட் மின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட். ஆகவே 400 போதும். அந்தக் கெப்பாசிட்டர் வயிறு உப்பி, தலை வெடித்து, மீன் வாடை மாதிரி ஒரு வாடையோடு வந்தால், அது ஓதத்தில் போனது. நியூட்ரலைப் பார்க்கச் சொல்வேன். கெப்பாசிட்டர் அப்படியே இருந்து, ஐ.சி. ஒன்றில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை இருந்தால் அது அலை. அதிலும் கேபிள் டி.வி. வயரோ எச்.டி.எம்.ஐ. வயரோ சொருகும் இடம் கருகி, மின்சாரம் வரும் பக்கம் சுத்தமாக இருந்தால், திருடன் வாசல் வழியாக வரவில்லை, கொல்லைப்புறம் வழியாக வந்தான் என்று பொருள். ஸ்டெபிலைசரை வாசலில் நிறுத்திவிட்டுக் கொல்லையைத் திறந்து போட்டிருக்கிறோம்.

மின்னல் வீட்டின்மேல்தான் விழ வேண்டும் என்பதும் இல்லை. சில நூறு மீட்டர் தள்ளித் தென்னையில் விழுந்தாலே போதும். அருகில் ஓடும் மின்கம்பியிலும் டிஷ் ஆன்டெனா வயரிலும் காந்தப்புலம் மாறி ஆயிரக்கணக்கான வோல்ட் தூண்டப்படும்.

அலையைப் பிடிக்கும் காவலாளி ஒருவன் இருக்கிறான். வேரிஸ்டர் என்று பெயர், எம்.ஓ.வி. என்று சொன்னால் கடையில் கொடுப்பார்கள். காண்டாமிருகம் போட்ட பழைய 25 காசு அளவில், நீல நிறத்தில், இரண்டு கால் உள்ள வில்லை. 1960-களின் இறுதியில் ஜப்பானில் மட்சுஷிட்டா நிறுவனத்தில் மிச்சியோ மட்சுவோகா என்பவர் கண்டறிந்த பொருள் இது. துத்தநாக ஆக்சைடு பொடியோடு பிஸ்மத் போன்ற சிலவற்றைச் சிறிது கலந்து, அழுத்தி, சூளையில் சுடுகிறார்கள். செங்கல் சுடுவதுபோல்தான். சுட்ட பிறகு மணிமணியாக இறுகும். ஒவ்வொரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையிலுள்ள எல்லை சுமார் 3 வோல்ட் வரை கதவைச் சாத்தி வைத்திருக்கும்; அதற்குமேல் போனால் திறந்துவிடும். இப்படி நூற்றுக்கு மேற்பட்ட கதவுகள் வரிசையாக இருப்பதால் 230 வோல்ட் ஓடும்போது வில்லை ஒன்றும் அறியாதவன்போல் இருக்கும். அலை வந்ததும் அத்தனை கதவும் நொடியில் கோடிக்கூறு நேரத்தில் திறந்து, மின்சாரத்தைப் போர்டுக்குள் விடாமல் பக்கவழியில் திருப்பிவிடும். அலை போனதும் மீண்டும் சாத்திக்கொள்ளும்.

வில்லையின்மேல் 20டி471 என்று எழுதியிருந்தால் 20 என்பது விட்டம், மில்லிமீட்டரில். 471 என்பது 47-க்குப் பின் ஒரு சைபர், அதாவது 470 வோல்ட்டில் திறக்கத் தொடங்கும். இது 300 வோல்ட் ஏ.சி. வரை தாங்கும். 431 என்று எழுதியது 275 வோல்ட்தான் தாங்கும். வோல்டேஜ் ஏறி இறங்கும் இடங்களுக்கு நான் 471-ஐத்தான் போடுகிறேன்.

கச்சாலிலிருந்து ஒரு அம்மா வந்தார். 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி, அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு கப்பலேற முடியுமா? யாரோ போர்டை மட்டும் கழற்றிக் கொடுக்க, பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். "தம்பி, டி.வி. இல்லாம இருந்துக்கலாம். அவருக்கு இன்சுலின் வைக்க எடமில்லாம எப்படி இருக்கிறது?" என்றார். புதுப் போர்டு வேண்டுமானால் சென்னை ரிச்சி தெருவில் சொல்லி, கப்பலில் வர வேண்டும். கடலில் மட்டுமே மூன்று நாள், கப்பலுக்குக் காத்திருப்பது தனி. திறந்து பார்த்தேன். நீல வில்லை இரண்டாகப் பிளந்து கிடந்தது, பியூஸ் கறுத்திருந்தது, மற்றது எல்லாம் உயிரோடு இருந்தது. வில்லை தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருக்கிறது. ஒரு வில்லை, ஒரு பியூஸ், கால் மணி நேர வேலை. அடுத்த கப்பலிலேயே அந்த அம்மா திரும்பிவிட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது, வில்லைக்கு முன்னால் பியூஸ் இருந்தது. வில்லை அலைக்குச் சூரன், ஓதத்துக்கு நோஞ்சான். 350 வோல்ட் நிமிடக்கணக்கில் நின்றால் அது திறந்த கதவை மூட முடியாமல் சூடேறித் தீப்பிடிக்கும். பியூஸோ சூட்டில் அறுபடும் இணைப்போ இல்லாமல் வெறும் வில்லையைப் பிளக்கில் சொருகி வைப்பது வீட்டுக்குள் கொள்ளிக்கட்டையை வைப்பது மாதிரி. தவிர, ஒவ்வொரு அடி வாங்கும்போதும் வில்லை கொஞ்சம் தளர்ந்துபோகும். அது நிரந்தரமல்ல.

கடைகளில் ஸ்பைக் கார்டு என்று விற்கிறார்களே, அது இதுதான் என்று நினைப்போம். பலவற்றைத் திறந்து பார்த்திருக்கிறேன். சிலவற்றில் ஒழுங்காக மூன்று வில்லை இருக்கும்: பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒன்று, இவ்விரண்டிலிருந்தும் எர்த்துக்கு ஒவ்வொன்று. சிலவற்றில் ஒரு சுவிட்சும் ஒரு சிவப்பு விளக்கும்தான் இருக்கும். காவலாளி சட்டையை மாட்டிவிட்ட வைக்கோல் பொம்மை. எத்தனை ஜூல், எத்தனை ஆம்பியர் என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறதா, "பாதுகாப்பு உண்டு" என்று காட்டத் தனி விளக்கு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்த விளக்கு அணைந்த பிறகும் டி.வி. ஓடும். ஆனால் காவலாளி செத்துவிட்டான்.

அடுத்து ஓதம். தெருவில் கம்பத்தில் வரும் நான்கு கம்பிகளில் மூன்று பேஸ், ஒன்று நியூட்ரல். தென்னை மட்டை விழுந்தோ, உப்புக்காற்றில் இணைப்பு அரித்தோ நியூட்ரல் அறுந்தால், இரண்டு பேஸிலுள்ள இரண்டு வீடுகள் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே சங்கிலிபோல் மாட்டிக்கொள்ளும். ஒரு வீட்டில் டி.வி.யும் விளக்கும் சேர்ந்து 100 வாட், மற்ற வீட்டில் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால், இஸ்திரி வீட்டுக்கு 36 வோல்ட், டி.வி. வீட்டுக்கு 364 வோல்ட்! சிக்கனமாக இருந்தவனுக்குத் தண்டனை. 364-இன் உச்சம் 514 வோல்ட். 400 வோல்ட் கெப்பாசிட்டர் என்ன செய்யும், பாவம், வெடிக்கும். விளக்கு சில அளவுக்கு மீறிப் பிரகாசித்து, வேறு சில மங்கினால், யோசிக்காமல் மெயினை அணைத்துவிட்டு லைன்மேனுக்குச் சொல்லுங்கள்.

நாம் வீட்டில் இல்லாதபோது யார் அணைப்பது? அதற்கு மீட்டர் பெட்டிக்கு அடுத்து எம்.சி.பி. வரிசையிலேயே பொருத்தும் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் வருகிறது. 270 வோல்ட் என்று வைத்துவிட்டால், தாண்டியதும் வீட்டையே துண்டித்துவிடும். சரியானதும் சில நிமிடம் பொறுத்துத் தானாகச் சேர்க்கும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது, எதை வாங்க என்று கேட்டால், நம் ஊருக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். பிறகு, அதே பெட்டியில் அலைக்கான எஸ்.பி.டி. அதன் சின்ன ஜன்னல் பச்சையாக இருக்கும்வரை நல்லது, சிவந்தால் மாற்ற வேண்டும். வயர்மேனிடம் ஒன்று மட்டும் வற்புறுத்துங்கள்: எஸ்.பி.டி.க்குப் போகும் கம்பிகள் குட்டையாக இருக்கட்டும், மொத்தம் அரை மீட்டருக்குள். மின்னல் அலை வேகமாக ஏறுவதால், ஒரு மீட்டர் கம்பியே சுமார் ஆயிரம் வோல்ட்டைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளும். அழகுக்காகச் சுருட்டி வைத்த கம்பியில் காவல் பாதி போய்விடும்.

இத்தனையும் எர்த் நன்றாக இருந்தால்தான். திருப்பிவிட்ட வெள்ளம் போக வாய்க்கால் வேண்டாமா? இங்கே கால்வனைஸ் குழாயும் நட்டும் உப்புக்காற்றில் சீக்கிரம் அரிக்கின்றன. பல வீடுகளில் எர்த் குழியைத் தோண்டினால் கம்பி ஒரு பக்கம், துருப்பொடி ஒரு பக்கம். மழைக்காலத்தில் மண் ஈரமாக இருக்கும்போது எதுவும் நன்றாகத்தான் காட்டும். பிப்ரவரி முதல் மண் காய்ந்து எர்த் பலவீனமாகும். அப்போதுதான் ஏப்ரல்-மே இடி வந்து சேர்கிறது. ஆகவே எர்த்தைச் சோதிக்க நல்ல மாதம் மார்ச். பல்பைக் கட்டிப் பார்க்கும் பழைய வித்தை வேண்டாம். எர்த் கெட்டிருந்தால் ஃபிரிட்ஜ் உடம்பிலெல்லாம் ஷாக் அடிக்கும். மீட்டர் வைத்திருக்கும் வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

கம்ப்யூட்டருக்குத் தனி எர்த், டிஷ்ஷுக்குத் தனி எர்த் என்று ஆளுக்கொரு குழி போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கப்பலுக்கும் ஜெட்டிக்கும் இடையே பலகை போட்டிருக்கிறது. பேரலை வந்து கப்பல் மட்டும் எழும்பினால் பலகையில் நிற்பவன் கதி என்ன? மின்னல் அருகில் விழும்போது ஒரு எர்த் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பும், தள்ளியிருக்கும் எர்த் எழும்பாது. இரண்டையும் இணைக்கும் பலகை உங்கள் டி.வி. எத்தனை குழி இருந்தாலும் எல்லாவற்றையும் தடித்த கம்பியால் ஒன்றாகக் கட்டிவிட வேண்டும். எழும்பினால் எல்லாம் சேர்ந்து எழும்பட்டும்.

இப்போது பல வீடுகளுக்கு ஃபைபர் வந்துவிட்டது. கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது, நல்ல காலம். ஆனால் கம்பத்திலிருந்து வரும் கேபிளில் இழையோடு ஒரு இரும்புக் கம்பியும் தாங்குவதற்காக ஒட்டிவரும். அதை மோடம் வரைக்கும் இழுத்துவராமல் வீட்டுக்கு வெளியிலேயே பிரித்துக் கட்டி நிறுத்தச் சொல்லுங்கள்.

எல்லாவற்றிலும் மலிவான பாதுகாப்பு, பிளக்கைப் பிடுங்குவது. சுவிட்சை அணைத்தால் போதாது. சுவிட்சுக்குள் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். கிலோமீட்டர் தாண்டி வந்தவனுக்கு அது ஒரு தாண்டலா? அதுவும் தலைமேல் இடிக்கும்போது பிளக்கைத் தொடக்கூடாது. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று எண்ணுவதற்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்துவிட்டால் பிடுங்கும் நேரம் கடந்துவிட்டது. பொருள் போனால் போகட்டும், தள்ளி நில்லுங்கள்.

இன்னொன்று. நம்மில் பலர் பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கப்பலேறுவது சரியாக இந்த இடி மாதங்களில்தான். வீட்டைப் பூட்டும்முன் ஃபிரிட்ஜைக் காலி செய்து, கதவைச் சிறிது திறந்து வைத்து, அதன் பிளக்கையும் எடுத்துவிடுங்கள். டிஷ் வயரை டி.வி.யிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடுங்கள். மோடத்தின் அடாப்டரையும் மறக்க வேண்டாம். பிறகு மெயினை இறக்குங்கள். திரும்பி வந்து மெயினைப் போடும்போது முதலில் ஒரு விளக்கை மட்டும் எரியவிட்டு, வெளிச்சம் வழக்கம்போல் இருக்கிறதா என்று ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, மற்றதை ஒவ்வொன்றாகச் சொருகுங்கள்.